போட் மெயிலில் போனவன் யார்?

தனுஷ்கோடியை 'பேய் நகரம்' என்று விற்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து வேன் வேனாய்க் கூட்டம். பவளக்கல்லில் கட்டிய இடிந்த சர்ச், ஸ்டேஷன் சுவர், ரெண்டு பக்கமும் கடல். வெள்ளைக்காரன் காலத்தில் எப்பேர்ப்பட்ட ஊர் என்று பெருமூச்சு. யாருக்கு எப்பேர்ப்பட்ட ஊர்?

1914-ல் பாம்பன் பாலம் திறந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டது கடலழகு பார்க்கவா? இலங்கைத் தேயிலைக்கு ஆள் வேண்டும். கங்காணி ஓட்டிக்கொண்டு போன சனத்தில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். முதல் வகுப்பு துரை நேரே கப்பலேறினான். கூலிக்கோ மண்டபம் கேம்ப். இலங்கை சர்க்கார் நம் மண்ணில் நடத்திய கேம்ப் அது. துணியை ஆவியில் அவித்து, ஊசி குத்தி, நாள்கணக்கில் அடைத்து வைத்துத்தான் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அதற்கும் முந்தி, காப்பித் தோட்டக் காலத்தில், தோணியில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவில் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஏன் போனான்? வறட்சி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள் சரித்திர ஆசிரியர்கள். எங்க நயினார்கோவில் பக்கம் கேட்டுப் பாருங்க: கண்மாய் பெருகினாலும் மடைத் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போகும்? மழை பொய்த்தது மட்டும் துரத்தவில்லை தோழர்களே, சாதியும் சேர்ந்து துரத்தியது.

1948-ல் இலங்கை அவன் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டே மாசத்தில், டிசம்பர் 22 ராத்திரி, புயல் ஊரையே அள்ளிக்கொண்டு போனது. ரயிலோடு செத்தவர்கள் நூற்றுக்கும் மேல். அதற்கு அழத்தான் வேண்டும். ஆனால் ஒரு கையெழுத்தில் வாழ்க்கை கவிழ்ந்த அஞ்சேகால் லட்சம் பேருக்கு அழுதது யார்?

2025-ல் தனுஷ்கோடியில் பூநாரைக்குச் சரணாலயம் அறிவித்தாயிற்று. நல்லது, பறவைமேல் நமக்கென்ன வயித்தெரிச்சல்? வலசை வரும் பறவைக்கு ஒரு இடம் உண்டு என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. கடல் தாண்டிப்போய்த் திரும்பிவந்த மனுசனுக்குத்தான் இங்கே ஒரு கல்கூட இல்லை.

மண்டபம் கேம்ப் இன்னும் இருக்கிறது. இப்போது அகதி முகாம். டூரிஸ்ட் வேனெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறது. முதலில் அங்கே ஒரு பலகை நடட்டும்: இந்த வழியாக யாரை ஓட்டிப்போனார்கள், எந்தச் சேரியிலிருந்து, யாருக்குச் சம்பாதித்துக் கொடுக்க என்று.