கட்டணமும் கடமையும்

கே.கே. நகர்த் தெருக்களில் மாலைவேளையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணத் தவறார். மாடி வீடு, பூட்டிய கதவு, முற்றத்து நாற்காலியில் தனியே ஒரு தாய். வானூர்தி தாழப் பறக்கையில் அவர் தலை நிமிர்கிறது. மகன் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு அது. அவ்வீட்டில் மகன் இல்லை.

இத்தகைய பெற்றோரை மாதக் கட்டணம் செலுத்தி முதியோர் இல்லத்தில் சேர்ப்பது குற்றமா? இவ்வினா நம் குடும்பங்களில் மெல்லிய குரலில் எழுகிறது. உரக்கப் பேச நாணுகிறோம்.

திருமறை (17:23) இறைவனை வணங்குவதை அடுத்துப் பெற்றோர்க்கு நன்மை செய்வதை வைக்கிறது. நம் மார்க்கச் சட்டமோ ஜகாத் பொருளைப் பெற்றோர்க்குக் கொடுக்க இசைவதில்லை. ஏன்? வறிய பெற்றோரைத் தாங்குவது மக்கள்மேல் விழுந்த கடன், தருமம் அன்று. ஆகவே இல்லத்திற்குச் செலுத்தும் கட்டணமும் கொடையன்று, கடனே. ஆனால் கடன் கட்டணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை.

கூட்டுக் குடும்பம் முதியோரைக் காத்தது என்று பெருமை பேசுகிறோம். காத்தவை பெரும்பாலும் மருமகள்களின் கைகளே. அவர்களுள் பலர் இன்று பள்ளியிலும் அலுவலகத்திலும் உழைக்கின்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்வைப்புத் தொகை, மாதக் கட்டணம், படுக்கையில் விழுந்தால் செவிலிக்குத் தனித்தொகை எனச் செலவு வளரும். நடமாடுவோரை மட்டுமே ஏற்கும் இல்லங்களும் உள. 2024இல் எழுபது வயது கடந்தோர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட நடுவண் அரசின் மருத்துவக் காப்பீடு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கே உதவும்; இல்லக் கட்டணத்திற்கு உதவாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. புறக்கணிக்கப்பட்டோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். அச்சட்டம் வகுத்த உச்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். தொகையைச் சட்டம் பெற்றுத் தரும். அன்பைப் பெற்றுத் தருமோ?

ஜப்பானியர் 2000ஆம் ஆண்டிலேயே முதுமைப் பராமரிப்புக்கெனக் காப்பீடு அமைத்து, நாற்பது வயது முதல் அனைவரையும் பங்கு செலுத்தச் செய்தனர். நாம் தனித்தனியே தவிக்கிறோம்.

எம் கருத்து இது. இல்லத்தில் சேர்ப்பதாயின் பெற்றோரின் விருப்பத்தை முதலில் கேட்க வேண்டும். ஒளுச் செய்ய வசதி, ஹலாலான உணவு, நோன்புக்கு ஸஹர் ஆகியவை உண்டா என நேரில் சென்று பார்க்க வேண்டும். ஜமாஅத்துகள் பள்ளிவாசலின் அருகே பகல்நேரப் பராமரிப்பகம் தொடங்கலாம். இயன்றவர் கட்டணம் செலுத்தட்டும். இயலாதவர்க்கு ஊர்ப் பெரியோர் ஈடு செய்யட்டும். அத்தாவும் அம்மாவும் பகலில் அங்கே; இரவில் நம் வீட்டில்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் வானூர்தி ஏறுவீர்கள். மாதந்தோறும் பணம் அனுப்புங்கள். நாள்தோறும் குரலை அனுப்புங்கள். ஆண்டுதோறும் உங்களையே அனுப்புங்கள். கட்டணம் கடமையின் ஒரு பகுதி, முழுமை அன்று.