கூரை காத்தவர் கோயில் காத்தவர்

நோர்வே நாட்டு மலைக்கிராமங்களிலே மரத்தாலான பழைய தேவாலயங்கள் உள. போர்குண்ட் என்னும் இடத்திலுள்ளது 1180ஆம் ஆண்டளவில் எழுந்தது. மழையும் பனியும் ஓயாத அந்நாட்டில் மரம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்பது எவ்வாறு? முந்திய காலத்தவர் தூண்களை மண்ணிலே நட்டனர்; ஈரம் அவற்றின் அடியை உளுக்கச் செய்தது. பின்வந்த தச்சர் கல்லின்மேல் உத்தரம் கிடத்தி, அதன்மேல் தூண் நிறுத்தினர். வெளிப்புறத்துக்குக் காலந்தோறும் தார் பூசினர். அவ்வாறு போற்றப்பெறாதவை அழிந்தன. இன்று அங்கு எஞ்சியவை 28 மட்டுமே.

அத்துணைத் தொலைவு செல்ல இயலாதவர்கள் நம் வட்டுக்கோட்டைக்கு வருக. போர்த்துக்கேயர் காலத்துக் கோயிலை ஒல்லாந்தர் 1678இல் புதுக்கிக் கட்டிய தேவாலயம் அங்கே நிற்கிறது. மரத்தாலன்று, முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த தடித்த சுவர்கள் அவை. எனினும், 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது சுவர் இருந்தது, கூரை இல்லை!

கல்லுக்கும் காவல் கூரையே. ஓடு ஒன்று விலகினால் மழைநீர் வளையை நனைக்கும். நனைந்த மரத்தைக் கறையான் நாடும். கூரை விழுந்தபின் சுவர்த்தலையில் ஆலும் அரசும் வேர்விடும். மிஷனரிமார் கூரையிட்டு அக்கோயிலை மீண்டும் வழிபாட்டுக்கு உரியதாக்கினர். அதனை அடுத்து 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே பயின்றவர். செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1947 முதல் அக்கோயில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயமாக விளங்குகிறது.

போரினால் மக்கள் இடம்பெயர்ந்த ஆண்டுகளில் நம் ஊர்களிலே கூரையிழந்த வீடுகளும் மடங்களும் பல. சுவர் நிற்கும்வரை அவற்றை மீட்க வழியுண்டு.

மாணவர்களே, பழங்கோயில் எதற்குச் சென்றாலும், எச்சமயத்ததாயினும், உரியவரிடம் அனுமதி பெற்று உள்ளே செல்லுங்கள். சுவரிற் பெயர் கீறாதீர்கள். கட்டியவர் யார் என்று வினவுவதோடு நில்லாது, இறுதியாக ஓடு மாற்றியவர் யார், எந்த ஆண்டில் என்றும் வினவிக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியவர் பெயரைக் கல்வெட்டுச் சொல்லும். காத்தவர் பெயரை நாமே எழுதிவைத்தல் வேண்டும்.