மாநில அந்தஸ்து சரி, கொம்யூன் தேர்தல் எப்போது?



மதகடிப்பட்டு டீக்கடையில் நேற்று ஒரு மணி நேரம் மாநில அந்தஸ்து பேச்சு. கடை வாசலிலேயே அடைத்துக் கிடக்கும் சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டெல்லி அதிகாரம் தரவில்லை என்று நம் சட்டசபை பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. நியாயமான கோரிக்கைதான், எனக்கும் சம்மதம். ஆனால் தனக்குக் கீழே இருக்கிற கொம்யூனுக்குப் புதுச்சேரி அரசு என்ன தந்தது? 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல், 38 வருடம் கழித்து, அதுவும் நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது அரசியல் சட்டம். இப்படி வருகைப் பதிவு வைத்திருக்கும் பையனை நான் தேர்வு எழுத விட்டிருக்க மாட்டேன்!

2006-ல் வந்தவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது மண்ணாடிப்பட்டு கொம்யூன் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதிகாரி மாற்றலாகிப் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

நாளைக்கு வார்டுக்கு நிற்கப்போகும் என் மாணவர்களே, கட்சிச் சண்டையைச் சட்டசபைக்கு விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவருக்கு நிழலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும், அதைப் பேசுங்கள்.

மற்றவர்கள், அடுத்து யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்துக் கேளுங்கள்: கொம்யூன் தேர்தல் எந்த மாதம்?