பசித்தால் தின்னும் என்று விட்டுவிடாதீர்கள்

"விடு பிள்ளை, வயிறு காய்ஞ்சால் தன்பாட்டில தின்னும்." கூட்டுக்குள் இருக்கும் கினிப்பன்றி தீனைத் திரும்பியும் பாராமல் மூலையில் குந்தியிருந்தால், யாழ்ப்பாணத் தீவகத்து வீடுகளில் முதலில் விழும் சொல் இதுதான். கொஞ்சம் படித்தவராக இருந்தால் "லங்கணம் பரம ஔஷதம்", பட்டினியே பெரிய மருந்து, என்றும் சேர்த்துக்கொள்வார். நாய்க்கும் மனிதருக்கும் பலமுறை பலித்த வைத்தியம் என்பதால் சொல்பவருக்குச் சந்தேகம் வருவதேயில்லை. கினிப்பன்றிக்கு இந்த வைத்தியம் எமன். முயலுக்கும் அப்படித்தான்.

நாய் இறைச்சி தின்னப் பிறந்தது. கிடைத்த அன்று வயிறு முட்ட விழுங்கிவிட்டு மறுநாள் சும்மா படுத்திருப்பது அதன் உடம்புக்குப் பழக்கம். ஆட்டின் பெருவயிற்றில் அசைபோட இரை கிடக்கிறது. கினிப்பன்றிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. அது தின்னும் புல், பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குடற்பையில் நுண்ணுயிர்களால் புளித்த பிறகுதான் சத்தாகிறது. அந்தப் பைக்கு மேலிருந்து நார் வந்து விழுந்துகொண்டே இருக்கவேண்டும். நார் நின்றால் குடலின் அசைவு தளரும். நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, கெட்டவை பெருகி, வாயு நிரம்பி வயிறு நோகும். நோகிற வயிறு இன்னும் தின்னவிடாது. வாந்தியெடுத்து ஆறுதல்பெறவும் அதனால் முடியாது. இதற்கிடையில் உடம்பின் கொழுப்புக் கரைந்து ஈரலில் போய்ப் படியத் தொடங்கிவிடும். கொழுத்ததிலும் சினைப்பட்டதிலும் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே பட்டினி அதற்குப் பசியைக் கிளப்புவதில்லை, இருக்கிற பசியையும் அணைக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தின்னாத கினிப்பன்றி அவசர நோயாளி. ஒரு நாளும் கடந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருப்பதுதான் வருத்தம். குதிரைக்கும் இதே மாதிரியான குடல்தான். அதற்கும் வாந்தி வராது. அந்தக் குடலுக்காகத்தான் அது நாளின் பெரும்பகுதி தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டே இருக்கிறது. கோடையில் புல் கருகி நீர்நிலைகள் வற்றும்போது அவை மெலிந்து விழுவதைக் கண்டு மனம் பதைக்கிறோம். தண்ணீர் கொடுங்கள் என்று குரல் எழுப்புகிறோம். அதே நாங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன உயிரை வேண்டுமென்றே பட்டினி போடுகிறோம்.

கினிப்பன்றி பிடிவாதத்தால் தின்னாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் பல்லில் குற்றம் இருக்கும். அதன் இருபது பற்களும் சாகும்வரை வளர்கின்றன. மெல்ல மெல்லத் தேயவேண்டிய பற்கள், பாணும் பிஸ்கட்டும் தின்று தேயாமல் போனால், கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் கட்டிவிடும். அந்தப் பிராணிக்குப் பசி இருக்கும். இலையை ஓடிவந்து வாயில் எடுக்கும், இரண்டு முறை அசைக்கும், பிறகு ஈரமாக நழுவவிடும். தாடையின் கீழே விரலை வைத்துப் பாருங்கள், மயிர் எச்சிலில் ஊறி ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தும் "பசி இல்லைப்போல" என்று சொல்வது எவ்வளவு கொடுமை!

அடுத்த காரணம் வைட்டமின் சி குறைபாடு. மனிதரைப்போலவே கினிப்பன்றியாலும் அதைத் தன் உடம்பில் உண்டாக்க முடியாது. 1907 இல் நோர்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட்டும் ஃபுரோலிச்சும் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு, மாலுமிகளை வாட்டிய அதே ஸ்கர்வி நோய் வந்தது. உணவில் மறைந்திருந்த அந்தச் சத்தைத் தேடிப்பிடிக்க வழிகாட்டியதே இந்தப் பிராணிதான். குறைபாடு வந்தால் தீன் குறையும், மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும். பைக்கற் தீனில் சேர்த்த வைட்டமின் சி நாட்பட நாட்பட அழிகிறது. எங்கள் வெக்கையில் இன்னும் சீக்கிரம் அழியும். கடைத்தட்டில் மாதக்கணக்காகக் கிடந்த பைக்கற் கப்பலேறிப் படகேறி வந்துசேரும்போது அதில் என்ன மிஞ்சியிருக்கும்? வளவில் பழுக்கும் கொய்யாவின் ஒரு சின்னத் துண்டு அதைவிட மேல்.

வெக்கையும் தண்ணீரும் சேர்ந்தே வரும் காரணங்கள். தகரக் கூரையின் கீழ் வைத்த கூட்டில் மத்தியானம் அது மூச்சிரைத்துக் கிடக்கும். கிணறு உவர்த்துப்போன வீட்டில் அந்தத் தண்ணீரை அது குடிக்க மறுக்கலாம். குடிக்காத பிராணி உலர்ந்த தீனையும் தொடாது.

பட்டினியைவிட மோசமான கைவைத்தியம் ஒன்று உண்டு. வீட்டில் மிஞ்சிக்கிடக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்குவது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளை வாயால் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகிக் கொன்றுவிடும். 1940 இல் ஒக்ஸ்போர்ட்டில் விஞ்ஞானி ஃபுளோரி பென்சிலினைச் சோதித்தது சுண்டெலிகளில். மருந்து கொடுத்தவை பிழைத்தன. கினிப்பன்றியில் சோதித்திருந்தால் அந்த மருந்தின் கதையே வேறாகியிருக்கலாம்.

"ஒரு எலிக்கு இவ்வளவு மினக்கெடவேணுமோ?" என்று கேட்பவர்களும் உண்டு. அது தானாக எங்கள் முற்றத்துக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்கிக் கூட்டில் அடைத்தது நாங்கள். தீன் தேடப் போகும் வழியை அடைத்த பிறகு, அது தின்கிறதா இல்லையா என்று பார்ப்பது எங்கள் கடமை.

செய்யவேண்டியது இவ்வளவுதான். சமையலறைத் தராசில் எடை பாருங்கள். புழுக்கை குறைந்ததா, சிறுத்ததா என்று பாருங்கள். புதிதாகப் பறித்த அறுகம்புல்லை முன்னே வையுங்கள். அதையும் தொடாவிட்டால், அதன் வழக்கமான தீனை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய 1 மி.லீ. சிரிஞ்சில் எடுங்கள். மல்லாத்தவேண்டாம், நாலு காலில் நிற்கவைத்து, முன்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியால் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக ஊட்டுங்கள். மென்று விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஊட்டவேண்டும். நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 50 முதல் 80 மி.லீ. வரை தேவைப்படும்.

ஆனால் இது மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்வரைக்குமான ஏற்பாடுதான். பல்லை வெட்டவும் வலியைத் தணிக்கவும் அவர்தான் வேண்டும். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இருப்பவர் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல் இருக்கிறது. சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. அங்கே "நாளைக்குப் பார்ப்பம்" என்பது சிலவேளை மூன்று நாளாகிவிடும். அதனால் காலையில் தின்னவில்லை என்றால் காலையிலேயே வைத்தியரைத் தொலைபேசியில் பிடியுங்கள். எப்போதிருந்து தின்னவில்லை, எடை எவ்வளவு குறைந்தது, புழுக்கை எப்படி என்று சொல்லுங்கள். வயிறு மேளம்போல் இறுகியிருந்தால் ஒரு சொட்டும் ஊட்டாதீர்கள். கூட்டை நிழலில் வைத்து, அன்றைக்குப் புறப்படும் முதல் படகிலேயே ஏற்றிவிடுங்கள்.