நிறம் மாறும் வெள்ளம், மாறாத ரத்தம்

"அண்ணே, உங்க ரத்தத்துல ஆசிட் கூடிப்போச்சு." அல்கலைன் வாட்டர் மெஷின் வியாபாரம் இப்படித்தான் தொடங்குகிறது. எங்கள் குளத்தூர்ப் பக்கம் அது திண்ணைவரை வந்துவிட்டது. ஒரு கிளாஸில் கிணற்று வெள்ளம், இன்னொன்றில் மெஷின் வெள்ளம். இரண்டிலும் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் மருந்து நாலு சொட்டு. ஒன்று மஞ்சள், மற்றது நீலம். வீட்டு மாமி வாயைப் பிளப்பார். அந்த மஞ்சள் கிளாஸில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் அதுவும் நீலமாகும். மெஷினோ லட்ச ரூபாயைத் தாண்டியும் போகிறது!

நீல வெள்ளம் ரத்தத்தைத் திருத்துமா? முதலில் இரைப்பையைத் தாண்டட்டும். அங்கே பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 1.5 முதல் 3.5 வரை. 9 என்று உள்ளே இறங்கும் வெள்ளம் அந்த அமிலத்தில் அடங்கிப்போகும். சிறுநீர்ப் பட்டை நிறம் மாறியதைக் காட்டுவார்கள். சிறுநீரகம் வேண்டாததை வெளியே தள்ளியது என்றுதான் அதற்குப் பொருள்.

மீன், இறைச்சியால் உடம்பில் அமிலம் சேரும் என்பது பாதி உண்மை. உண்டாகும், கழிந்தும் போகும். நுரையீரல் கரியமில வாயுவை ஊதித் தள்ளி நிமிடங்களில் சரிசெய்யும். சிறுநீரகம் சற்று மெதுவாக, அமிலத்தைக் கழித்து பைகார்பனேட்டைக் காக்கும். அதனால் ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவிலேயே நிற்கிறது.

'காரத்தன்மையுள்ள (அல்கலைன்) உடம்பில் புற்றுநோய் வராது, நோபல் பரிசே கொடுத்தார்கள்' என்பது அடுத்த சரடு. அவர்கள் சொல்லும் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1931-ல் நோபல் பெற்றது செல் சுவாசத்துக்கான நொதியை ஆராய்ந்ததற்கு, இதற்கல்ல. இந்தக் கார வைத்தியத்தைப் புத்தகம் போட்டுப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்த வழக்கில் 2017-ல் சிறைத் தண்டனை பெற்றார்.

ரத்தத்தில் அமிலம் மெய்யாகவே கூடுவதுண்டு. இன்சுலினை நிறுத்திய சர்க்கரை நோயாளிக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு, கடும் வயிற்றுப்போக்கில் பைகார்பனேட்டை இழந்த குழந்தைக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சிட்ரேட் உப்பு சேர்ப்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். ரத்தத்தில் அமிலம் கூடியதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளாஸில் விட்ட அந்தச் சொட்டு மருந்து போதாது.

வீட்டில் சர்க்கரை நோயாளி வாந்தியெடுத்து, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினால் எந்த வெள்ளத்தையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த மூச்சு, நுரையீரல் அமிலத்தோடு மல்லுக்கட்டுவதன் அடையாளம். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.