பேருந்து நிலையக் கூரைகளைச் சோதித்தது யார், எப்போது?



2017 செப்டம்பர் 7 அன்று எங்கள் ஊரான சோமனூரின் பேருந்து நிலையக் கான்கிரீட் கூரை, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மேல் இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் விசாரணைக்கு அரசு உத்தரவிட்டது. ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, பொறையாறு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓய்வறையில் படுத்திருந்த ஊழியர்கள் எட்டுப் பேர் மேற்கூரை விழுந்து இறந்தார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சோமனூர் விசாரணை அறிக்கை என்ன சொன்னது என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், சொல்ல ஒருவரும் இல்லை. இறந்தவர்கள் இந்த ஊர் வழியாகப் போக வந்தவர்கள். அறிக்கை எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

விசைத்தறி வேலைக்குப் போகும் வழியில் நான் தினமும் பார்க்கும் பயணிகள் நிழற்குடை ஒன்று இருக்கிறது. கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிறது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாயில் புங்க இலை அடைத்து, மேலே தண்ணீர் தேங்குகிறது. காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போகும் பெண்கள் அதற்குள் நிற்பதே இல்லை, சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பாட்டி, “அதுக்கடியில நிக்கறதுக்கு வெயில்லயே நின்னுக்கலாமுங்க கண்ணு” என்றார். உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். ஆள் வந்தது, பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளை அடித்துவிட்டுப் போனது. அடுத்த மழையிலேயே பூச்சு உதிர்ந்தது.

பூசுவது வைத்தியம் அல்ல. தேங்கிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே பூசிவிட்டால் விரிசல் கண்ணுக்கு மறையுமே தவிர, உள்ளே துரு நிற்காது. மக்களை எச்சரிக்கும் ஒரே அடையாளத்தையும் நாமே அழிக்கிறோம் என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

தனியார் பள்ளி நடத்துபவர் கட்டட உறுதிச் சான்று வாங்கியாக வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, தமிழகம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, ஆபத்தானவற்றை இடிக்க முடிந்தது. நல்ல காரியம். பள்ளிக்குச் செய்ய முடிந்ததைப் பேருந்து நிலையத்துக்குச் செய்ய என்ன தடை? அதே பிள்ளைகள்தான் பள்ளி விட்டதும் நிழற்குடைக்கு வருகிறார்கள்.

செர்பியாவில் நோவி சாட் ரயில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்த சில மாதங்களில், 2024 நவம்பர் 1 அன்று, அதன் முகப்புக் கூரை விழுந்து பதினாறு பேர் பலியானார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். புதுப்பித்த வேலையின் ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியிடு என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. பிரதமரே பதவி விலக நேர்ந்தது. இங்கே நாங்கள் யாரையும் பதவி விலகச் சொல்லவில்லை, ஆவணத்தைத்தான் கேட்கிறோம்.

நிழற்குடைகளில் எந்த நிதியில், யார் காலத்தில் கட்டியது என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் கீழேயே கட்டிய ஆண்டு, கடைசியாக உறுதித்தன்மை சோதித்த தேதி, சோதித்த பொறியாளரின் பதவி, அடுத்த சோதனை எப்போது என்பதையும் எழுத வேண்டும். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் விதிவிலக்கு கூடாது. தேறாத கூரையை உடனே இடித்துவிட்டுத் தற்காலிகமாகத் தகர ஷீட் போட்டால்கூடப் போதும், மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கோவை, திருப்பூர் மாவட்ட ஆட்சியர்கள் இந்த ஆய்வை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்து, எந்தெந்தக் கூரை தேறவில்லை என்ற பட்டியலை நாளிதழ்களில் வெளியிட வேண்டும். சோமனூர் விசாரணை அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு எங்கள் ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
விசைத்தறி நெசவாளர் ஒருவர்,
சோமனூர்.