பெயர்ச்சீட்டும் சரக்கும்

கிழக்கிலங்கையின் எங்கள் கரையோரப் படைப்புகள் பற்றிய கட்டுரைகளில் இரண்டு கலைச்சொற்கள் தவறாமல் வருகின்றன. கவிதையில் காகம் கலகம் செய்தால் சர்ரியலிசம். சிறுகதையில் ஜின் தலைகாட்டினால் மாய யதார்த்தம். பெயர் சூட்டியதும் விமர்சகர் எழுந்து போய்விடுகிறார். இச்சொற்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழகச் சிற்றிதழ்கள் வழியே, பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் துணையோடு, இங்கே வந்தன. அந்த வாசிப்பு எங்களுக்குக் கொடுத்தது அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் சரக்குக்கு முன்னே பெயர்ச்சீட்டு வந்துவிட்டது. கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' புவனோஸ் அயர்ஸில் வெளிவந்தது 1967 இல். தமிழில் வந்தது 2013 இல். நாவல் தமிழில் கிடைக்குமுன்பே அதன் முத்திரையை எங்கள் எழுத்தாளர்கள் பலருக்குக் குத்தி முடித்திருந்தோம்.

ஸ்பானிய மொழியின் நவீன இயக்கங்கள் எவ்வாறு உருவாயின என்று பார்த்தால், இந்தப் பழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது புரியும். 1888 இல் சிலியின் வல்பரைசோ துறைமுக நகரில் 'அசூல்' நூலை வெளியிட்ட ரூபன் தாரியோ நிக்கராகுவாக்காரர்; வயது 21. பிரெஞ்சுக் கவிதையின் இசையைக் கற்று, அதைக் கொண்டு ஸ்பானிய யாப்பையே புதுக்கினார். மத்ரித் அந்த மாற்றத்தைத் தன் பழைய குடியேற்றம் ஒன்றிலிருந்து பெற்றுக்கொண்டது. யாழ்ப்பாணமும் சென்னையும் தலையசைத்தால்தான் கவிதை என்று இன்னும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அடுத்த தலைமுறையில் கார்சியா லோர்கா, இசையமைப்பாளர் மனுவெல் த ஃபாயாவோடு சேர்ந்து, 1922 இல் கிரனாடாவில் அந்தலூசிய நாட்டார் பாடலுக்கு ஒரு போட்டி விழாவையே நடத்தினார். 1927 இல் அவருடைய கூட்டாளிகள் கொங்கொரா என்ற 17 ஆம் நூற்றாண்டுக் கவிஞரைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த ஆண்டே அத்தலைமுறைக்குப் பெயராயிற்று. 1930 இல் எமிலியோ கார்சியா கோமெஸ் அந்தலூசிய அரபுக் கவிதைகளை ஸ்பானியத்தில் தொகுத்தார். கஸீதா, கஸல் என்ற பெயர்களைத் தாங்கிய கவிதைகளை லோர்கா தம் கடைசித் தொகுப்பொன்றில் எழுதினார். பாரிஸின் புதுமைகளை வாசித்துக்கொண்டிருந்த அதே ஆட்கள்தாம் இவ்வளவையும் செய்தார்கள்.

கியூபாவின் அலெஹோ கார்பெந்தியேர் இன்னும் வெளிப்படையானவர். பாரிஸில் சர்ரியலிஸ்டுகளோடு பழகியவர், ஹெயிட்டியைப் பார்த்த பின், 1949 இல் தம் நாவலுக்கு எழுதிய முன்னுரையில் அவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர்களுடைய அதிசயம் செய்து வைத்தது. ஹெயிட்டியிலோ அதிசயம் சனங்களின் நம்பிக்கையில் கிடக்கிறது என்பது அவர் வாதம். இதை வைத்துக்கொண்டு எங்கள் கல்முனைக் கவிஞர் சோலைக்கிளிக்கு வருவோம். 1988 இல் வந்த அவர் தொகுப்பின் தலைப்பு 'எட்டாவது நரகம்'. நரகங்கள் ஏழு என்று மார்க்கம் எண்ணிவைத்திருக்கும் ஊரில் ஒருவர் எட்டாவதைக் கூட்டுகிறார் என்றால், அதன் வேரைப் பாரிஸில் தேட வேண்டியதில்லை. கல்முனைப் பேச்சு, பள்ளிவாசல் பயான், போர்க்காலத் தெரு மூன்றும் அங்கே சேர்ந்து வேலை செய்கின்றன. சர்ரியலிசம் என்று சொன்னவுடன் இம்மூன்றும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

இது ஊர்ப்பெருமை, வெளிக்காற்றுக்குக் கதவடைப்பது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பாலஸ்தீனக் கவிதைகள்' 1981 இல் வந்தபோது, ஈழக் கவிஞர்கள் அதை உள்வாங்கியது தங்களுக்குச் சொல்ல வேண்டிய சொந்தத் துயரம் ஒன்று இருந்ததால்தான். வெளியிலிருந்து வந்தது உள்ளே இருந்ததைத் தட்டி எழுப்பியது. வெறும் அண்மை எதையும் தந்துவிடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. பாப்லோ நெரூதா 1929-30 இல் சிலியின் தூதரக அதிகாரியாக வெள்ளவத்தையில் வாழ்ந்து, தம் முக்கியத் தொகுப்பின் ஒரு பகுதியை அங்கேயே எழுதியவர். அவருடைய நினைவுக்குறிப்பில் வரும் தமிழ்ப் பெண் பேசுவதே இல்லை. அவளை வன்முறைக்கு ஆளாக்கியதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. லத்தீன் அமெரிக்க நாவலின் எழுச்சியை உண்டாக்கியது பார்சலோனாவின் பதிப்பகப் பணம். எங்களிடம் அது எங்கே? அறுபதுகளைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. ஆனால் அந்த நாவல்களுக்கு மொழியைத் திறந்துவிட்ட கவிதை அப்படிப் பிறக்கவில்லை. பெரு நாட்டின் செஸார் வய்யேஹோவின் 'திரில்ஸே' 1922 இல் லிமா சிறைச்சாலையின் அச்சகத்தில் அச்சானது. அப்போது அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். சந்தை பிறகுதான் வந்தது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேலையை முன்வைக்கிறோம். 1948 இல் சாமுவேல் ஸ்டேர்ன் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தலூசியாவின் முவஷ்ஷஹ் பாடல்கள் சிலவற்றின் இறுதி அடிகள் ஆதி ஸ்பானியப் பேச்சில் இருப்பதை அது காட்டியது. அந்த அடிகள் கர்ஜா எனப்படுகின்றன. பெரும்பாலும் பெண்குரல், ஹபீப் என்று அழைக்கும் காதலனைக் காணாத ஏக்கத்தைத் தாயிடம் சொல்லும் குரல். எழுத்தோ அரபு அல்லது ஹீப்ரு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் அறிந்த எங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மச்சானை நினைத்துப் பாடும் பெண்ணின் நாட்டார் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரானும் சாய்ந்தமருது அனாரும் ஏற்கெனவே தொகுத்துத் தந்திருக்கிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இக்கரையின் அரபுக் கல்லூரிகளிலும் அரபை நேராக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். முவஷ்ஷஹின் உடலை அவர்கள் ஆங்கிலம் இன்றியே தமிழாக்கலாம். கர்ஜாவுக்கு மட்டும் ஸ்பானியம் தெரிந்த ஒருவர் துணை வேண்டும். அப்படி ஒரு கூட்டு முயற்சி வந்தால், கவிகளையும் கர்ஜாக்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட இவ்விதழ் இடம் ஒதுக்கும்.